எண்ணாமல் விட்ட விளக்குகள்

அவர் சொன்னது உண்மைதானா? "மொத நாளே வந்து கேப்பீங்கன்னு நெனச்சேன் பாப்பாம்மா" என்றாரே, அது உண்மையா? இல்லை, மாட்டிக்கொண்ட மனிதர் அந்த நிமிடத்துக்குச் சொன்ன சமாளிப்பா? நான்கு வருடமாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். துணி மடிக்கும்போது ஒரு பதில் வருகிறது. சிக்னலில் நிற்கும்போது வேறு பதில் வருகிறது.

அவர் கார் மெக்கானிக். பெயரை எழுத மனமில்லை. என் பெயரை அவரும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளை வைத்துத்தான் என்னைக் கூப்பிடுவார். மத்திகிரியில் அரசு கால்நடைப் பண்ணையின் சுவர் முடிகிற இடத்தில் அவருடைய பட்டறை இருந்தது. தகரக் கூரை, கீழே இறங்கி வேலை பார்க்க ஒரு பள்ளம், ஒரு மர ஸ்டூல். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவில்லை. காற்று திரும்பினால் பண்ணையிலிருந்து சாண வாடை வரும். நான் மூக்கைப் பொத்தினால் சிரிப்பார்.

எதையும் அமுக்கி வைக்கக் கூடாது என்பார். வண்டி உள்ளே வந்ததும் முதலில் பாட்டை நிறுத்தச் சொல்வார். பிறகு ஏசியை. பிறகு நம் வாயை. ஒருமுறை ஒருவர், முன்பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறது, ஆனால் பாட்டு போட்டால் தெரிவதில்லை என்றார். "அப்ப பாட்டுக்காரர்கிட்டயே போய் ரிப்பேர் பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டு இவர் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டார். அந்த மனிதர் கால் மணி நேரம் நின்று கெஞ்சினார்.

இன்னொரு நாள் ஆனேக்கல் பக்கத்திலிருந்து தக்காளி ஏற்றி வரும் சின்ன லாரிக்காரர் வந்திருந்தார். அவருடைய வண்டியில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்த எச்சரிக்கை விளக்கின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. கண் கூசுகிறது என்று அவர் மனைவி ஒட்டிவிட்டாளாம்.

"ஸ்வல்ப இரி", கொஞ்சம் இருங்கள் என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு மாறினார் இவர். "மொதல்ல அந்தப் பொட்ட எடு. அது இருக்கற வரைக்கும் நான் வண்டியத் தொடமாட்டேன்."

"பொட்டு வெச்சா வண்டி லட்சணமா இருக்குதுல்லண்ணா?"

"ரொம்ப லட்சணம். இஞ்சின் செத்ததும் மாலையும் போட்டுடு."

லாரிக்காரரும் சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. லாரிக்காரர் நகத்தால் சுரண்டிப் பொட்டை எடுக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கட்டிய கையில் வலது பக்கம் மூன்று விரல்கள்தான் தெரியும். சின்ன வயதில் ஓசூரில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டியிருக்கிறார். அந்த மெஷினில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. வேலை வேகமாக நடக்கவேண்டும் என்று ஒரு பட்டனில் குச்சி செருகி, அழுத்தினபடியே நிறுத்திவிடுவார்களாம். இன்னொரு கையால் தகட்டை எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கலாம்.

"யாருண்ணா குச்சி வெச்சது?" என்று கேட்டேன்.

"வேற யாரு? நான்தான்" என்றார். "நானே வெச்சேன், நானே மறந்தேன்."

இப்படிப்பட்டவரைத்தான் நான் நம்பினேன். இதைப் படிப்பவர்கள் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுடையது பழைய கார். கணவர் தொழிற்சாலையில் ஓர் உற்பத்தி லைனுக்குப் பொறுப்பாளர். ஷிப்ட் மாறி மாறி வரும். என் அப்பா ஜவளகிரியில் பக்கவாதத்தில் படுத்திருந்தார். சனிக்கிழமைதோறும் மகளைப் பின்னால் உட்காரவைத்து நானே ஓட்டிக்கொண்டு போவேன். தளி தாண்டிக் காட்டோரமாகப் போகும் சாலை. அங்கே ஒரு வளைவில்தான் முதல்முறை அந்த விளக்கு எரிந்தது. வழுக்கிப் போகும் ஒரு காரின் படம், அதன் பின்னால் இரண்டு நெளிந்த கோடுகள். பக்கத்திலேயே வட்டத்துக்குள் மூன்று எழுத்து போட்ட இன்னொரு விளக்கு. சக்கரம் வழுக்கிச் சுற்றினால் வண்டியே அதை அடக்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது வேலை செய்யவில்லை என்று முதல் விளக்குக்கு அர்த்தம். அழுத்திப் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பதும் இல்லை என்று அடுத்ததற்கு அர்த்தம். மகள் முதலாவதற்குப் பாம்பு வண்டி என்று பெயர் வைத்தாள். சில நாள் எரியும். வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பினால் போய்விடும். பத்து நாள் வராது. நான் மறக்க ஆரம்பிக்கும்போது வரும்.

"பழைய வண்டின்னா ஒண்ணு ரெண்டு லைட்டு எரியத்தான் செய்யும். விட்டுத் தள்ளு" என்றார் கணவர். அவர் விருதுநகர்ப் பக்கம். எதையும் விட்டுத் தள்ளுவது அவருக்கு எளிது. ஒரு சர்வீஸ் கடையில் கருவியைச் செருகிக் கோளாறுப் பதிவை அழித்துவிட்டு, "போயிருச்சு மேடம்" என்றார்கள். இன்னொரு கடையில் "சார் வரலையா?" என்று கேட்டார்கள்.

இவர் மட்டும்தான், "எப்ப எரிஞ்சுது?" என்று கேட்டார்.

சொன்னேன். சொல்லிவிட்டு வழக்கம்போல, "எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னவோ" என்று சேர்த்துக்கொண்டேன்.

"தோணுறதத்தான் கேக்கறேன்" என்றார். "ஒரு நோட்டு போடுங்க. எந்த எடம், எந்தப் பக்கம் திரும்புனீங்க, மழையா வெயிலா, எல்லாத்தையும் எழுதிக்கினு வாங்க."

மகளின் பாதி கிறுக்கிய ஓவிய நோட்டில் எழுத ஆரம்பித்தேன். 'தளி தாண்டி மூன்றாவது வளைவு. வலது. இரண்டாவது கியர். மழை இல்லை.' 'பள்ளி வாசலில் வண்டியைத் திருப்பும்போது. வலது. முழுக்க ஒடித்தேன்.' ஒரு மாதம் எழுதினேன். அதை அவர் ஸ்டூலில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். காத்திருந்த வேறு ஆட்களிடமும் நீட்டிக் காட்டினார். "பாரு, இப்படிச் சொல்லணும். சும்மா வண்டி சரியில்ல, வண்டி சரியில்லன்னு வந்து நிக்கறது இல்ல."

என் கவலைகளை யாரும் அதுவரை கேட்டு வாங்கிக்கொண்டதில்லை. காய்ச்சல் அடிக்கிறதோ என்று மகளைத் தொட்டுப் பார்த்தால் மாமியார் சிரிப்பார். கேஸ் மூடினேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்தால் கணவர் ஹாரன் அடிப்பார். இங்கே ஒருவர் என் கவலையைத் தேதிவாரியாகப் படித்து, "எல்லாம் வலது பக்கம்தான், பாத்தீங்களா?" என்கிறார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில், கண் கலங்கியதால் ஓரமாக வண்டியை நிறுத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலி மைதானத்தில் என்னை ஓட்டச் சொன்னார். கருவியைச் செருகிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நாலு சக்கரத்தின் வேகமும் திரையில் ஓடியது. இடது பக்கமாகப் பத்து சுற்று, ஒன்றுமில்லை. வலது பக்கமாக நான்காவது சுற்றில் பாம்பு வண்டி எரிந்தது. பின் சீட்டில் மகள் கைதட்டினாள்.

"நாலு சக்கரமும் ஒரே கதைய சொல்லணும்" என்று திரையைக் காட்டினார். "மூணு ஓடுறேங்குது. முன்னாடி இடது மட்டும் நிக்கறேங்குது. நிக்கவா செய்யுது? ஓடிக்கினுதானே இருக்குது. சக்கரம் பொய் சொல்லல. அதோட சேதியக் கொண்டு வர்ற ஒயரு எங்கியோ விட்டு விட்டுப் பேசுது."

அன்றுதான் எங்கள் இருவருக்கும் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார். சாவியைத் திருப்பினதும், இஞ்சின் கிளம்பும் முன்னால், எல்லா விளக்கும் ஒருமுறை எரியும்; கிளம்பினதும் அணையும். "அதுங்க வருகை சொல்லுது. பாப்பா, நீ டீச்சரு. தினமும் எண்ணு. எரியற வெளக்குக்குப் பயப்படாதீங்க பாப்பாம்மா. எரியவேண்டிய நேரத்துல எரியலன்னா அதுக்குப் பயப்படுங்க."

மகள் எண்ணினாள். ஒன்பது. தினமும் இரண்டு சீட்டுக்கும் நடுவில் நின்று எண்ணிவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போவாள்.

ஒயரைத் தேட இரண்டு நாள் வண்டியை விடச் சொன்னார். விட்டேன். எடுத்துவர நான் போகவில்லை. ஷிப்ட் முடிந்து கணவர் போய் ஓட்டிவந்தார். "சரியாயிருச்சு. இனி எரியாது" என்று சாவியைக் கொடுத்தார்.

எரியவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். மூன்றாவது வளைவில் எரியவில்லை, பள்ளி வாசலில் எரியவில்லை. எனக்குள் ஏதோ தளர்ந்தது. இரவு தூங்கினேன். நோட்டைப் பரணில் போட்டேன். அந்தச் சந்தோஷத்தில் இன்னொன்றும் செய்தேன். காலை அவசரத்தில் மகள் எண்ண வந்தபோது, "அதெல்லாம் வேண்டாம் போ, வண்டி நல்லாயிருச்சு. உக்காரு" என்றேன். அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நான் சரிபார்க்காமல் இருந்தேன். அது அந்த மூன்று வாரம்தான்.

மூன்றாவது சனிக்கிழமை மழை. டிராக்டர்கள் வயலிலிருந்து ஏறிவரும் ஓரிடத்தில் சாலை முழுக்கச் செம்மண் சேறு. வலது வளைவு. முன்சக்கரம் சுழல்வது காதில் கேட்டது. ஸ்டியரிங் என் சொல்லைக் கேட்கவில்லை. பிரேக்கை மிதித்தேன். வண்டி பனிக்கட்டிபோலச் சறுக்கி, ஒரு சக்கரம் சாலையை விட்டு இறங்கி, ராகி வயலின் வரப்பில் இடித்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மகள் மட்டும் குரலே வராமல் வாயைத் திறந்து அழுதாள்.

பால் கேனோடு மொபெட்டில் வந்தவர் இறங்கித் தள்ளிவிட்டார். "ஏம்மா, வூட்டுக்காரரு வரலியா? மழையில கொழந்தைய வெச்சிக்கினு ஏம்மா ஓட்டிக்கினு வர்ற?" என்றார்.

நான் முதலில் பார்த்தது விளக்குகளைத்தான். எதுவும் எரியவில்லை. அப்படியென்றால் வண்டியில் குறையில்லை. அப்படியென்றால் குறை என்னிடம். அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அதையேதான் நினைத்தேன். என் பிள்ளையை நானே வயலில் கொண்டுபோய்ப் போடப் பார்த்தேன்.

திங்கட்கிழமை டயரில் காற்றழுத்தம் பார்க்கிற சாக்கில் அவரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். "எனக்கு ஓட்டத் தெரியலண்ணா. இனிமே சனிக்கிழமை பஸ்ல போயிடலாம்னு இருக்கேன்" என்றேன்.

அவர் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை. காற்றுக் குழாயை எடுத்துவிட்டு மூடியைத் திருகினார். மூன்று விரல்களால் திருகுவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அன்று அதிக நேரம் ஆனது.

"மெதுவாப் போங்க" என்றார். பிறகு, "பாப்பா இன்னும் வெளக்கு எண்ணுதா?" என்று கேட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கொடுத்த வேலையைச் செய்யாத மாணவி மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு, "எண்ணுறாண்ணா. தினமும்" என்று பொய் சொன்னேன்.

அவர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வருவதுபோல் இருந்தது. "சரி" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் வியாழக்கிழமை, பள்ளிக்குக் கிளம்பும்போது செருப்பைத் தேடி நான் வீட்டுக்குள் ஓடினேன். சாவி திருப்பியபடி இருந்தது. திரும்பி வந்தால் மகள் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, ஏழுதான் இருக்கு."

"சரியா எண்ணு."

"ஏழுதான்மா. பாம்பு வண்டியக் காணோம். வட்டத்தையும் காணோம்."

சாவியை அணைத்துத் திருப்பினேன். அணைத்துத் திருப்பினேன். அவை இருந்த இடம் கறுப்பாக இருந்தது.

பள்ளிக்குப் போகவில்லை. நேராகப் பட்டறைக்குப் போனோம். நான் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஏழுண்ணா" என்றேன்.

அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவருகில் நின்றார்.

"நீங்க வண்டிய விட்ட அன்னிக்கே உங்க வூட்டுக்காரரு வந்தாரு. நீங்க ராத்திரியெல்லாம் தூங்கறதில்லன்னாரு. கம்பெனியில சும்மா சும்மா அலாரம் அடிச்சா ஜம்பர் ஒயரு போட்டு அடிக்காம பண்ணி விட்டுருவோம், அந்த மாதிரி செஞ்சுடுங்க, அவ நிம்மதியா இருக்கட்டும்னாரு. நான் மாட்டேன்னேன். அவரு கண்ணு கலங்கிட்டாரு பாப்பாம்மா. அப்பறம்தான் அந்த ரெண்டு வெளக்கு மேலயும் உள்பக்கமா டேப்பு ஒட்டுனேன்."

"ஒயரு?"

"பாக்கல. நீங்க வந்ததும் பாக்கலாம்னு இருந்தேன். மொத நாளே வந்து கேப்பீங்கன்னு நெனச்சேன். சாவி போட்டா பாப்பா எண்ணுமே. அண்ணா ஏழுதான் இருக்குதுன்னு நீங்க வந்து சத்தம் போடுவீங்க, அவரு கேட்டதயும் செஞ்ச மாதிரி இருக்கும், உங்களுக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்னு..."

"திங்கட்கிழமை நான் வந்து சொன்னேனே."

பண்ணையில் ஒரு மாடு கத்தியது.

"தினமும் எண்ணுதுன்னு சொன்னீங்க" என்றார் கடைசியில். "தெரிஞ்சுக்கினே ஓட்டறீங்கன்னு நெனச்சேன்."

எனக்குத் தெரிந்திருந்தால், எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று ஏன் அவரிடம் வந்து சொல்லப்போகிறேன்? அதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். மகள் பார்த்துக்கொண்டிருந்ததால் மூடிக்கொண்டேன்.

அன்று வேறு எந்த வண்டியையும் அவர் தொடவில்லை. முன்பக்கத்தைப் பிரித்து டேப்பை உரித்து எடுத்தார். பிறகு பள்ளத்தில் இறங்கினார். வெயில் உச்சிக்கு ஏறும்வரை நானும் மகளும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். மேலே வந்தபோது அவர் கையில் ஒரு சாண் நீளத்துக்குக் கட்டுக்கம்பி. முன்பக்க இடது சக்கரத்தின் உள்ளே, ஒயருக்குப் பக்கத்தில் கிடந்ததாம். வலது பக்கம் முழுக்க ஒடிக்கும்போதெல்லாம் ஒயர் அதில் உரசி உரசித் தோல் கிழிந்திருக்கிறது.

அந்தக் கம்பியை எனக்கு அடையாளம் தெரிந்தது. விளக்கு எரிய ஆரம்பிக்கும் முன் வந்த ஆயுத பூஜைக்கு வண்டியின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினோம். ஓடும்போது விழக்கூடாது என்று கணவர் கட்டுக்கம்பியை உள்ளே விட்டு இழுத்து, கட்டிங் பிளேயரால் இரண்டு முறுக்கு முறுக்கி, முனையை உள்பக்கமாக மடக்கினார். எங்கள் மாடியில் துணிக்கொடியும் அதே முறுக்கில்தான் நிற்கிறது. பூஜை முடிந்து வாழையை வெட்டி எடுத்தவர், கம்பியைப் பாதியில் விட்டிருக்கிறார்.

ஒயரைச் சரிசெய்து மைதானத்தில் அவரே வலது பக்கமாகச் சுற்றிக் காட்டினார். எரியவில்லை. சாவியை அணைத்துத் திருப்பினார். "ஒம்போது!" என்று மகள் கத்தினாள். அவர் சிரிக்கப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் சாவியை வாங்கிக்கொண்டேன். நன்றி என்று சொல்லவில்லை. மன்னிப்பு என்று அவரும் சொல்லவில்லை.

மாலையில் கம்பியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். கணவர் அதை எடுத்து முறுக்கைத் தடவிப் பார்த்தார். "நீ நிம்மதியா தூங்கணும்னுதான் சொன்னேன்" என்றார். அவர்மேல் கோபம் இருந்தது, சண்டையும் போட்டேன். ஆனால் அது வேறு. நான் வீணாகக் கவலைப்படுகிறேன் என்று அவர் என் முகத்துக்கு நேராகத்தான் எப்போதும் சொல்லிவந்தார். என் கவலையை வாங்கிப் படித்து, நான் எழுதியது சரி என்று நாலு பேர் முன்னால் சொன்னவர் டேப் ஒட்டியதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த லாரிக்காரர் வீட்டில்கூடத் தங்கள் வண்டிக்குத்தானே பொட்டு வைத்தார்கள்.

இதையெல்லாம் எழுதும்போதே என்மேலும் சந்தேகம் வருகிறது. நான் எண்ணியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பொய் சொல்லாமல் இருந்தால் திங்கட்கிழமையே அவர் சொல்லியிருப்பாரோ? ஒருவேளை அவர் என்னை என்னைவிட அதிகமாக நம்பினாரோ? அல்லது தன் பட்டனில் குச்சி வைத்த அதே ஆள்தான், கடைசிவரை மாறாமல், என் வண்டியிலும் வைத்தாரா?

நான் மறுபடி அங்கே போகவில்லை. அடுத்த வருடம் அந்தப் பட்டறை மூடியிருந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் போய்விட்டார் என்றார்கள். அப்பாவும் இப்போது இல்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், ஒரு மாதமாக வண்டியில் ஒரு சத்தம். பிரேக்கிலிருந்து கால் எடுக்கும்போது மட்டும், மெல்லிய முனகல் மாதிரி. இரண்டு இடத்தில் காட்டிவிட்டேன். "ஒண்ணுமில்ல மேடம், நீங்களா நெனச்சுக்கறீங்க" என்கிறார்கள். பரணிலிருந்து அந்த நோட்டை எடுத்து மிச்சமிருந்த பக்கங்களில் எழுத ஆரம்பித்துவிட்டேன். எட்டு வயதாகிவிட்ட மகள் இன்னும் விளக்கு எண்ணுகிறாள். கதவுத் தாழ்ப்பாளையும் எண்ணுகிறாள். நேற்று அவளே சொன்னாள்: "அந்த மூணு விரல் அங்கிள்கிட்ட போலாம்மா. அவருதான் நோட்டு படிப்பாரு."

அவர் எண் என் போனில் இருக்கிறது. நோட்டைப் படிக்க அவரைவிட்டால் எனக்கு வேறு ஆள் தெரியாது. படித்துவிட்டு என்ன செய்வார் என்று இப்போது எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிறவர்களே, உங்கள் பயத்தை முதலில் நம்பியவரே பிறகு அதை மூடி மறைத்திருந்தும், அவரிடமே நீங்கள் திரும்பிப் போனதுண்டா? போனால் முதலில் எதைக் கேட்டீர்கள்? சனிக்கிழமை பள்ளி விடுமுறை, போவதென்றால் அன்றுதான்; அதற்குள் யாராவது சொல்லுங்கள். வண்டியில் பின்னால் உட்காரப்போவது என் பிள்ளை.